முதுமலையில் மூன்று வேளை

காட்டுக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம். ‘யானை கண்ணில் படுமா சார்?’ என்று கேட்கிறவர்கள் ஒரு ரகம். ‘அங்கே சாப்பாடு எப்படி சார்?’ என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தைப் பார்த்து முதல் ரகம் கேலியாகச் சிரிக்கும். எல்லாம் மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான். அதற்கப்புறம் உலகத்தில் ஒரே ரகம்தான் மிஞ்சும்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் இந்தக் கவலை கிடையாது. திரும்பின பக்கமெல்லாம் ‘உயர்தர சைவம்’ போர்டு, அதற்கு எதிரே பிரியாணி அண்டா. தேசியப் பூங்கா அப்படியல்ல. ‘பூங்கா’ என்ற வார்த்தையை நம்பி, உள்ளே சிமென்ட் பெஞ்சும் பக்கத்திலேயே பஜ்ஜிக் கடையும் இருக்கும் என்று கிளம்பி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முதுமலை 321 சதுர கிலோமீட்டர். அதற்குள் சாப்பிடுவதற்கு ஏகப்பட்டது இருக்கிறது. ஆனால் எல்லாம் புல், மூங்கில், மரப்பட்டை! மெனு கார்டு நமக்காக அச்சடித்ததில்லை.

1940-லேயே சரணாலயமான இடம். 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு, தெற்கே மலை ஏறினால் ஊட்டி. மூன்று மாநிலம் கைகோக்கிற மூலை. இப்படிப்பட்ட இடத்துக்கு, சனி ஞாயிறோடு ஒரு கேஷுவல் லீவையும் ஒட்டிப்போட்டுக் கிளம்புகிற ஆபீஸ் நண்பர்கள் எதையெல்லாம் திட்டமிடுகிறார்கள்? ரூம் போடுகிறார்கள். தொப்பி வாங்குகிறார்கள். யாரிடமாவது பைனாகுலர் இரவல் வாங்குகிறார்கள். சாப்பாடு? ‘அது போற வழியில பார்த்துக்கலாம்பா!’

இந்தப் ‘பார்த்துக்கலாம்’ நகரத்தில் செல்லும். காட்டில் செல்லாது. ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருஷம் நாங்கள் போனது ஐந்து பேர். ஒரு பேங்க் கேஷியர், ஒரு ஆடிட் ஆபீஸ் ஆசாமி, ஒரு மெடிக்கல் ரெப், அரசாங்க ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கும் நண்பர், அடியேன். நான் பி.காம். படித்தவன் என்கிற ஒரே காரணத்துக்காக எந்தப் பயணத்திலும் கணக்கு நோட்டும் சாப்பாட்டு இலாகாவும் என் தலையில் விழும். கேஷியரும் ஆடிட்காரரும் கூட பி.காம்.தானே என்று கேட்கலாம். கேட்டேன். ‘நாங்க வாரம் பூரா அதைத்தானே செய்யறோம்’ என்றார்கள்.

இதற்கு முன்னாலும் நாலைந்து தடவை முதுமலைக்குப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான் போடும் திட்டம் ஊரை வைத்து இருக்காது, வேளையை வைத்து இருக்கும். எத்தனை மணிக்கு எங்கே இருப்போம், அங்கே அடுப்பு எரியுமா. அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு, ஆறரை வாக்கில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து விடும். இறங்கினதும் பசிக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே நல்ல இட்லி கிடைக்கும். அங்கேதான் முதல் கட்டுப்பாடு: ஆளுக்கு நாலு இட்லி, ஒரு காபி. பொங்கல், வடை, பூரி மூன்றும் தடை. காரணம், அடுத்த இரண்டு மணி நேரம் வண்டி வளைந்து வளைந்து மலை ஏறப்போகிறது. பொங்கல் நல்ல பதார்த்தம்தான். ஆனால் பர்லியாறு தாண்டியதும் அது மேலே வரலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடும். ரெப் நண்பர் கேட்கவில்லை. ‘நான் டூர் அடிக்கிற ஆளுப்பா, எனக்கென்ன’ என்று நெய்ப்பொங்கல் வாங்கினார். குன்னூருக்குள் நுழையும்போது அவர் மட்டும் முன் சீட்டில், கையில் எலுமிச்சம்பழத்துடன், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கல்லாறு சோதனைச் சாவடியில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று இ-பாஸ். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து வந்த ஏற்பாடு. வெளி மாவட்ட வண்டி என்றால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, தண்ணீர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக்குக் கெடுபிடி பல வருஷமாகவே உண்டு. 2019-ல் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை போட்டு, வழியெல்லாம் காசு போட்டால் தண்ணீர் தரும் ‘வாட்டர் ஏ.டி.எம்.’ வைத்தார்கள். ஆகவே ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், அல்லது அம்மாவிடம் சொல்லி பரணிலிருந்து இறக்கிய பழைய கூஜா. கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்த டெஸ்பாட்ச் நண்பரைப் பார்த்து மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மசினகுடியில் எல்லோரும் அவரிடம்தான் தண்ணீர் கேட்டார்கள்.

ஊட்டியில் நிற்காமல் போவது நல்லது என்பது என் கட்சி. நின்றால் வர்க்கி வாங்காமல் இருக்க முடியாது. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு வேறு கொடுத்துவிட்டார்கள். சூடான டீயில் தோய்த்தால் அமிர்தம். வண்டிக்குள் கடித்தால் சீட்டெல்லாம் தூள். அந்தத் தூளும் அந்த வாசனையும் அப்புறம் எங்கே வில்லங்கமாகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஊட்டியிலிருந்து முதுமலைக்கு இரண்டு வழி. கல்லட்டி வழியாக இறங்கினால் குறுக்கு வழி, தெப்பக்காடு 36 கிலோமீட்டர்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, குத்து இறக்கம். கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் என்று ஆடிட்காரர் உடனே கணக்குப் போட்டார். 2018-ல் நடந்த ஒரு கோர விபத்துக்கு அப்புறம் வெளியூர் வண்டிகள் அதில் கீழே இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். எங்கள் வேன் கோவை ரிஜிஸ்ட்ரேஷன். ஆகவே பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்று வழி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். சிலர் இதைக் கேட்டுச் சலித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு இலாகா சந்தோஷப்படும். ஏனென்றால் அந்த வழியில்தான் கூடலூர் இருக்கிறது.

கூடலூரைச் சுற்றுலாக்காரர்கள் யாரும் ஓர் ஊராகவே மதிப்பதில்லை. பெட்ரோல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சாப்பாட்டுக்காகவே இறங்க வேண்டிய ஊர். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்தால் பத்து நிமிஷத்தில் மூன்று பாஷை காதில் விழும். ஒரு கடையில் புட்டும் கடலைக்கறியும். அடுத்த கடையில் குத்தரிசிச் சோறும் மீன்குழம்பும். அதற்கடுத்து நம்ம ஊர் சாம்பார், ரசம், அப்பளம். இதில் இன்னொரு கதையும் உண்டு. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானவர்கள் குடியேறியது கூடலூர், பந்தலூர் பக்கம்தான். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஆரம்பித்ததுதான் அரசாங்கத்தின் தேயிலைத் தோட்டம். நீங்கள் குடிக்கிற அந்த ஸ்ட்ராங் டீக்குப் பின்னால் ஒரு கப்பல் பயணம் இருக்கலாம். கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

மத்தியான சாப்பாட்டைக் கூடலூரில் முழுசாக முடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் திட்டத்தின் அச்சாணி. அதற்கு அந்தாண்டை தெப்பக்காடு 18 கிலோமீட்டர், பூராவும் காடு. நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. தெப்பக்காட்டிலும் கடைத்தெரு என்று எதுவும் கிடையாது. அதைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போனால் மசினகுடி பஜார். அங்கே போய்ச் சேரும்போது மணி மூன்று என்றால், மெஸ்ஸில் சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கூடலூரில்தான் அந்த வாழைப்பழ விவகாரம் நடந்தது.

சாப்பிட்டு முடித்துவிட்டு வந்தால் கேஷியரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரிய சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மொத்தம் இருபத்தெட்டு பழம். பேங்க்காரர் அல்லவா, எண்ணித்தான் வாங்கியிருந்தார்.

‘எதுக்குப்பா இவ்வளவு?’

‘யானை வந்தா குடுக்கலாம்னுதான். ரோட்டோரமே வந்து நிக்குமாம்ல?’

எங்கள் வேன் டிரைவர் கூடலூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மேட்டுப்பாளையத்தில் வண்டி ஓட்டினாலும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தக் காட்டோரம். அதுவரைக்கும் அதிகம் பேசாமல் வந்தவர், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

‘தம்பி, அந்தப் பழத்தை இங்கயே சாப்பிட்டு முடிங்க. முடிச்சாத்தான் வண்டி கிளம்பும்.’

‘என்னண்ணே, புண்ணியம்தானே?’

‘ரிவால்டோவுக்குப் பண்ணின புண்ணியம் போதும் தம்பி.’

ரிவால்டோ என்பது பிரேசில் கால்பந்து வீரரின் பெயர். மசினகுடிப் பக்கம் அது ஒரு காட்டு யானையின் பெயர். தும்பிக்கை நுனியில் ஒரு பகுதி இல்லாத ஆண் யானை. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிலர் பழம் கொடுத்தார்கள். அப்புறம் வேடிக்கைக்காகவும் கொடுத்தார்கள். வருகிற விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் நின்று யானை காட்டலாம் அல்லவா? பழம் ருசித்த யானைக்கு மூங்கில் எதற்கு? வாழைத்தோட்டம் பக்கம் வீடுகளையும் விடுதிகளையும் சுற்றியே வளைய வர ஆரம்பித்தது. ஊருக்குள் யானை வந்தால் ஜனங்களுக்குப் பயம். ஜனங்கள் பயந்தால் யானைக்கு ஆபத்து. 2021 ஜனவரியில் அதே மசினகுடிப் பக்கம், குடியிருப்பு ஓரம் வந்த வேறொரு யானை மீது நெருப்புப் பற்றவைத்த டயரை வீசி, அது செத்தே போனது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரிவால்டோவை என்ன செய்வது? 2021 பிப்ரவரியில் பழத்தைக் காட்டிக் காட்டியே தெப்பக்காடு முகாம் பக்கம் நடத்திக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். பழம் வரைக்கும் வந்தது. பாதி வழியில் என்ன தோன்றியதோ, திரும்பிவிட்டது. மே மாதம் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். மூன்று மாதம் கூண்டு வாசம். ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, தூரமாகக் கொண்டுபோய்க் காட்டுக்குள் விட்டார்கள். மறுநாளே நடந்து பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளை விட்டுவிட்டுக் காட்டுத் தீனிக்குத் திரும்பியது. ஒரு காட்டு யானை ஊரைச் சுற்றியதும், கூண்டுக்குள் போனதும், சாதாரண வாழைப்பழம், தர்பூசணி சமாசாரத்தால்!

டிரைவர் அண்ணன் இவ்வளவையும் கோவையாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ‘நீங்க ஒரு சீப்பு குடுத்துட்டு மெட்ராஸ் போயிருவீங்க. அடுத்த நாள் அது அதே எடத்துல நின்னு, பால் கொண்டு போற பையன்கிட்ட கேக்கும். அவன்கிட்ட பழம் இருக்காது’ என்றார்.

கேஷியர் பதில் பேசவில்லை. வயிறு முட்ட மீன்குழம்புச் சோறு சாப்பிட்ட ஐந்து பேர், கூடலூர் பஸ் ஸ்டாண்ட் ஓரம் வரிசையாக நின்று வாழைப்பழம் தின்ற காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைக்கு ஐந்து. பாக்கி மூன்று. அதை ஒரு பள்ளிக்கூடப் பையன் வாங்கிக்கொண்டான். தோலையெல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் சாவியை வெளியே எடுத்தார்.

இது முதுமலையோடு நிற்கிற சங்கதி இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற சாலையில் ஆசனூர் தாண்டி காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகவே காத்து நிற்கும். லாரிக்காரர்கள் நாலு கரும்பு உருவிப் போட்டுப் போட்டு ஏற்படுத்திய பழக்கம். கேரளத்தில் அரிசி தேடி வீடு வீடாகப் போன கொம்பனுக்கு ‘அரிக்கொம்பன்’ என்றே பெயர் வந்துவிட்டது. அரி என்றால் அங்கே அரிசி. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது நம்ம கம்பம் ஊருக்குள் தெருவில் ஓடி வந்ததை டி.வி.யில் பார்த்தோம். கடைசியில் ஜூனில் மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வண்டி காட்டுக்குள் நுழைந்தது. இங்கே என் இரண்டாவது சட்டம்: காட்டுச் சாலையில் வண்டிக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசலாம், தின்னக் கூடாது. வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் வருகிறவர் குரங்கார். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறதே, அது பாவம் போல இருக்கிறது என்று ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு துண்டு எறிவார். அதை எடுக்கக் குட்டி ரோட்டுக்கு ஓடிவரும். பின்னால் வருகிறவன் எண்பதில் வருவான். இதற்கு மேல் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வனவிலங்குக்குத் தீனி போட்டால் அபராதம் உண்டு என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நான் அதிகாரியாக இருந்தால் போர்டை எடுத்துவிட்டு டிரைவர் அண்ணனை நிறுத்தி வைப்பேன்.

தெப்பக்காட்டுக்கு மாலை தீனி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மோயாறு ஓரம் வளர்ப்பு யானை முகாம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய குறும்படத்தில் வந்த பொம்மன், பெள்ளி தம்பதி வேலை பார்த்த முகாம் இதுதான். காலையும் மாலையும் இங்கே யானைகளுக்குச் சாப்பாடு போடுவதைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். நேரத்தை மட்டும் அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், முதுமலையில் பார்க்க வேண்டிய முதல் இடம் இந்தச் சமையற்கூடம்தான். ராகி மாவும் கொள்ளும் வேகிற வாசனை. சோறு தனியாக. அதைப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, வெல்லம், உப்பு, தாது உப்பு, தேங்காய், கரும்பு எல்லாம் சேர்த்து மேடையில் வரிசையாக வைக்கிறார்கள். எந்த யானைக்கு எது எத்தனை கிலோ என்று போர்டில் எழுதியிருக்கிறது. டாக்டர் பார்த்து, வயசு, எடை, உடம்பு நிலைக்குத் தகுந்தாற்போல் அளவு. ஒரு யானைக்கு இல்லாத வெல்லம் இன்னொரு யானைக்கு உண்டு. எங்கள் ரெப் நண்பர் போர்டு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவருக்கு போன மாசம்தான் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

‘எனக்கு இப்படி யாராவது எழுதி மாட்டினா நானும் ஒழுங்கா இருப்பேன்’ என்றார்.

பாகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்தந்த யானை முன்னால் வந்து வாயைத் திறக்கிறது. கை முழங்கை வரை உள்ளே போய் உருண்டையை வைத்துவிட்டு வருகிறது. தள்ளுமுள்ளு இல்லை, டோக்கன் இல்லை. இந்த உருண்டையெல்லாம் அதற்கு டிபன்தான். முழுச் சாப்பாடு காட்டில். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தேவை. காட்டில் ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் அதற்குத் தின்பதுதான் வேலை. நடந்துகொண்டே தின்னும், தின்றுகொண்டே நடக்கும். அப்படிப்பட்ட ஜீவன், ஓரிடத்தில் நின்றால் பழம் வரும் என்று கற்றுக்கொண்டால் நடப்பதை எதற்காகத் தொடர வேண்டும்? கேஷியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மசினகுடியில் தங்கல். வனத்துறை ஓய்வு விடுதிகள் தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி என்று இருக்கின்றன. தனியார் இடங்களும் உண்டு. எங்கே தங்கினாலும் ஒரு விஷயம் பொது: சாப்பாடு சொன்னால்தான் உண்டு. இங்கே ஃபிரிட்ஜ் நிறைய கோழியை அடுக்கிவைத்துக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை. காய்கறி கூடலூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ வர வேண்டும். பஜாரில் சாயங்காலம் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் ராத்திரி மெனு. நாங்கள் தங்கிய இடத்துச் சமையல்கார அண்ணன் வந்ததும் வராததுமாகச் சட்டதிட்டத்தைச் சொல்லிவிட்டார்.

‘சார், நாலு மணிக்குச் சொன்னா கோழி. ஏழு மணிக்குச் சொன்னா முட்டை. எட்டுக்கு மேல சொன்னா தூக்கம்.’

மணி ஆறே முக்கால். முட்டைக் குழம்பு, சப்பாத்தி, ரசம், சோறு என்று பேசி முடித்தோம். ‘பிரியாணி சாப்பிட கூடலூர் போயிட்டு வந்துடலாமே’ என்று டெஸ்பாட்ச் நண்பர் ஆரம்பித்தார். அந்த ஆசையே வேண்டாம். கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாகப் பந்திப்பூர் போகிற சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடல். பந்திப்பூர் பக்கம் 2009-லிருந்தே இந்தக் கட்டுப்பாடு. ஒன்பதே காலுக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு செக்போஸ்டில் நின்றால், விடியும் வரை அதற்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

முட்டைக் குழம்பு பிரமாதம். தேங்காய் அரைத்து விட்டு, கொஞ்சம் மிளகு தூக்கலாக. சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது அண்ணன் மீதியை அப்போதைக்கப்போது உள்ளே எடுத்துப் போய்விட்டார். எச்சில் இலை, முட்டை ஓடு, எண்ணெய்ச் சட்டி எதுவும் ராத்திரி வெளியே இருக்காது. சமையலறை ஜன்னல் இரண்டு தாழ்ப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, ‘கரடி சார்’ என்றார் சாதாரணமாக, பூனை என்று சொல்வதைப் போல. நீலகிரியில் கரடிகள் கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி வரும் செய்தி. எங்கள் ரூமிலும் பிஸ்கட், பழம், வாசனை சோப்பு வரைக்கும் பையில் போட்டு ஜிப் இழுத்து அலமாரியில் வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை சஃபாரி. வனத்துறை வண்டி தெப்பக்காட்டிலிருந்து ஆறரை வாக்கில் கிளம்பும். இங்கேதான் ஆபீஸ்காரர்களுக்குத் தகராறு. எட்டரை மணி டிபனுக்குப் பழகிய வயிறு. ஆறரை மணிக்கு டிபன் கிடைக்காது. கிடைத்தாலும் சாப்பிட்டுவிட்டு மேடு பள்ளத்தில் ஒரு மணி நேரம் குலுங்க வேண்டும். தின்பண்டத்தை வண்டிக்குள் கொண்டுபோவதும் கூடாது. என் ஏற்பாடு இதுதான்: ஐந்தரைக்கு பஜாரில் டீக்கடை திறந்திருக்கும். ஒரு டீ, ஒரு பன். கடையிலேயே நின்று சாப்பிட்டுவிட்டுக் கை அலம்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பி வந்து எட்டரைக்கு தோசை. கூஜாத் தண்ணீர் மட்டும் கூட வரலாம்.

சஃபாரியில் புள்ளிமான் கூட்டம், ஒரு காட்டெருமை, மயில் நாலு. புலி வரவில்லை. வண்டியில் இருந்த வேறொரு குடும்பத்துப் பையன் கையில் முறுக்குப் பொட்டலம். மொறு மொறு சத்தத்தில் அந்தக் காட்டெருமையே தலையைத் தூக்கிப் பார்த்தது. கைடு திரும்பிப் பார்த்தார். அம்மா பொட்டலத்தை வாங்கி ஹேண்ட்பேக்குக்குள் வைத்தார். அந்தக் காகிதம் நழுவிக் கீழே விழுந்திருந்தால்? மானுக்கு உப்பு என்றால் உயிர். உப்பு ஒட்டிய எதையும் அது நக்கும், முழுங்கும். யானையும் அப்படித்தான். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் செத்துப்போன கர்ப்பிணி யானையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே பிளாஸ்டிக் இருந்தது. அதன் மேலெல்லாம் ஒரு காலத்தில் யாருடைய சாம்பாரோ, யாருடைய சிப்ஸோ ஒட்டியிருந்திருக்கும்.

தோசை சாப்பிட்ட கடை ஒரு வீட்டின் முன்பக்கம்தான். அம்மா தோசை வார்க்க, மகள் சட்னி பரிமாற, அப்பா கல்லாவில். ஆளுக்கு நாலு தோசை உள்ளே போனது. இப்போது தடையெல்லாம் ரத்து. கையோடு கொண்டுவந்த ரொட்டி, ஜாம், டின் சமாசாரத்தைத் தின்றுவிட்டு ஊருக்குக் குப்பையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. காட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு யானையால் நஷ்டம் நிறைய. டூரிஸ்டால் ஒரு தோசையாவது விற்கட்டுமே.

கிளம்பும்போது கேஷியரை மறுபடியும் காணோம். பழக்கடைப் பக்கம் போய்விட்டாரோ என்று டிரைவர் அண்ணன் கலவரமாகிவிட்டார். ஆள் பஜார் கோடியில், சாக்கடை ஓரம் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று காலி பாட்டில். யாரோ மகானுபாவர்கள் முந்தின ராத்திரி குடித்துவிட்டு வீசியது. உடைந்தால் யானைக் காலில் ஏறும். அதற்காகத்தான் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை ஹைகோர்ட் சொல்லி ஆரம்பித்தார்கள்.

கேஷியர் வாழ்நாளில் பீர் கூட முகர்ந்ததில்லை. வெளியூர் வண்டி கல்லட்டியில் இறங்கத்தான் தடை, ஏறத் தடையில்லை. 36 வளைவும் அந்த மூன்று பாட்டிலையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஊட்டியில் முதல் டாஸ்மாக் கண்ணில் பட்டதும் இறங்கி, நெற்றி நிறைய விபூதியோடு கியூவில் நின்று, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

எந்தத் தலைப்பில் வரவு வைப்பது? ‘இதர வருமானம்’ என்றார் ஆடிட்காரர். வாழைப்பழச் செலவில் கழித்துவிடலாம் என்றேன் நான். விவாதம் முடிவதற்குள் குன்னூர் வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். முப்பது ரூபாய்க்கு எத்தனை டீ வரும் என்று பார்த்துவிட்டு, மீதியைக் கேஷியரே போட்டுக் கொடுத்தார்.